முகவரிக் கட்டத்தில் எழுதப்படாதது: வீடற்ற குழந்தையும் பள்ளிப் பதிவேடும்

சில ஆண்டுகளுக்கு முன், ஆய்வுப் பணிக்காக மும்பையின் ஒரு மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில் பழைய சேர்க்கைப் பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். தடித்த அட்டை, நீளவாக்கில் கோடிட்ட தாள்கள், ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு வரி. பெயர், தந்தை பெயர், சாதி, பிறந்த தேதி, முகவரி, முன்பு படித்த பள்ளி, விலகிய நாள், விலகியதற்கான காரணம். ஒரு பக்கத்தில் ஐந்து குழந்தைகளுக்கு ஒரே வீட்டு எண் எழுதப்பட்டிருந்தது. தந்தையர் வேறு வேறு. சாதியும் தாய்மொழியும் வேறு வேறு. ஒரே அறையில் ஐந்து குடும்பங்கள் இருந்தனவா என்று கேட்டேன். பொறுப்பிலிருந்த மூத்த ஆசிரியை சிரித்தார். அந்த எண், பள்ளிக்கு எதிரே இருந்த ஒரு தேநீர்க் கடையினுடையது. ஐவரும் பாலத்தின் கீழே வசித்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். முகவரிக் கட்டம் காலியாக இருந்தால் ஆய்வுக்கு வரும் அதிகாரி கேள்வி எழுப்புவார். கடைக்காரர் சம்மதித்தார், அவர் எண்ணையே எழுதிவிட்டோம் என்றார்.

அது இரக்கத்தால் எழுதப்பட்ட பொய். அந்தப் பொய் இல்லாவிட்டால் ஐவரும் பள்ளிக்குள் நுழைந்திருக்க முடியாது. ஆனால் அதே பொய்யினால், அந்தப் பள்ளியில் வீடற்ற குழந்தை ஒருவர்கூடப் படித்ததில்லை என்று ஆவணம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறது. இந்தியாவில் வீடற்ற குழந்தையைப் பள்ளி எவ்வாறு அடையாளம் கண்டது, எவ்வாறு பதிவு செய்தது என்ற கேள்வியின் வரலாறு ஏறத்தாழ முழுவதும் இந்த முரணுக்குள் அடங்கிவிடுகிறது. குழந்தையைச் சேர்த்துக்கொள்ள வேண்டுமானால் அதன் நிலையை மறைத்தாக வேண்டும். நிலையை உள்ளபடி எழுதினால் குழந்தையை இழக்க நேரலாம். இந்த முரண் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இங்கே எழுத முயல்கிறேன்.

1. வசிப்பிடத்தின் மீது எழுப்பப்பட்ட கட்டாயக் கல்வி

கட்டாயக் கல்வி என்ற கருத்து இந்தியச் சட்டமன்ற விவாதத்துக்குள் வலுவாக நுழைந்தது கோபால கிருஷ்ண கோகலே 1911 மார்ச்சில் கொண்டுவந்த தொடக்கக் கல்வி மசோதாவின் வழியாக. 6 முதல் 10 வயது வரையுள்ள சிறுவர்களுக்கு, அதுவும் அரசு ஒப்புதலுடன் உள்ளாட்சி அமைப்புகள் அறிவிக்கும் பகுதிகளில் மட்டும், கட்டாயக் கல்வி என்பதே அதன் அடக்கமான கோரிக்கை. 1912 மார்ச்சில் 38-க்கு 13 என்ற வாக்குக் கணக்கில் அது தோற்கடிக்கப்பட்டது. ஆனால் அதன் சட்டகம் தோற்கவில்லை. விட்டல்பாய் படேலின் முயற்சியால் 1918-இல் பம்பாய் மாகாணத்தில் நிறைவேறிய தொடக்கக் கல்விச் சட்டமும், அடுத்த சில ஆண்டுகளில் வங்காளம், பஞ்சாப், ஐக்கிய மாகாணம், சென்னை முதலிய மாகாணங்களில் வந்த சட்டங்களும் ஏறக்குறைய அதே அச்சில் வார்க்கப்பட்டவை.

அந்த அச்சின் மையத்தில் இருந்தது வசிப்பிடம். அறிவிக்கப்பட்ட பகுதிக்குள் ‘வசிக்கும்’ பெற்றோருக்கே குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பும் கடமை உண்டு. பள்ளி ஒரு மைல் தொலைவுக்குள் இல்லாவிட்டால் விலக்கு உண்டு. அந்தத் தொலைவும் வசிப்பிடத்திலிருந்தே அளக்கப்படும். கோகலே முன்மாதிரியாகக் கொண்ட 1870, 1876-ஆம் ஆண்டுகளின் இங்கிலாந்துச் சட்டங்களும் இவ்வாறே இயங்கின. கட்டாயம் என்றால் பட்டியல் வேண்டும். பட்டியல் என்றால் தெருவாரியாக வீடுகளை எண்ண வேண்டும். அறிவிப்பு ஒட்டவும், அபராதம் விதிக்கவும், வராத பிள்ளையைத் தேடிச் செல்லவும் ஒரு கதவு தேவைப்பட்டது.

இதில் எவருடைய தீய நோக்கமும் இல்லை. ஆயினும் விளைவு தெளிவானது. கதவில்லாத குடும்பம் கட்டாயத்துக்கும் வெளியே நின்றது, உரிமைக்கும் வெளியே நின்றது. பதிவேட்டின் முகவரிக் கட்டம் பார்வைக்குச் சாதாரணமானது. ஆனால் யார் கல்விக்கு உரியவர் என்பதை அது முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது.

2. அந்தக் குழந்தையை அறிந்திருந்த மற்றொரு தாள்

பள்ளி அறியாத குழந்தையை அரசு அறவே அறியாதிருந்தது என்று எண்ணிவிடக் கூடாது. அதே ஆண்டுகளில், வேறொரு சட்டத்தில், வேறொரு அலுவலகத்தில், அந்தக் குழந்தைக்கு மிகத் துல்லியமான வரையறை இருந்தது. இங்கிலாந்தில் 1866-இல் வந்த தொழிற்பள்ளிகள் சட்டம், வீடோ நிலையான தங்குமிடமோ பிழைக்க வழியோ இல்லாமல் அலைந்து திரியும் குழந்தையை நடுவர் முன் நிறுத்தி, பள்ளி என்ற பெயருடைய காப்பகத்துக்கு அனுப்ப வழி செய்தது. அந்தச் சொற்றொடர் கடல் கடந்து வந்தது. 1920-இன் சென்னைக் குழந்தைகள் சட்டம், 1922-இன் வங்காளச் சட்டம், 1924-இன் பம்பாய்ச் சட்டம் ஆகியவற்றில் அது சிறு மாற்றங்களோடு இடம்பெற்றது.

விடுதலைக்குப் பின்னும் அது மறையவில்லை. 1960-இன் குழந்தைகள் சட்டத்தில் ‘புறக்கணிக்கப்பட்ட குழந்தை’ என்றும், 1986-இன் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தில் ‘புறக்கணிக்கப்பட்ட சிறார்’ என்றும், 2000, 2015 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களில் ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ என்றும் தலைப்பு மாறியது. ஆனால் வீடோ நிலையான தங்குமிடமோ இல்லாத, வெளிப்படையான பிழைப்பு வழி இல்லாத குழந்தை என்ற வரையறையின் கரு ஏறத்தாழ 150 ஆண்டுகளாக மாறவேயில்லை. 1920-களில் அந்தக் குழந்தையை முதலில் சந்தித்தவர் காவலர். 2015-க்குப் பின் சட்டம் குழந்தை நலக் குழுவையும் சமூகப் பணியாளரையும் முன்னிறுத்துகிறது. இது பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் அந்தத் தாள் கேட்கும் கேள்வி ‘இந்தக் குழந்தையை எங்கே வைப்பது’ என்பதே. ‘இந்தக் குழந்தை எந்த வகுப்பில் படிக்கிறது’ என்பது அதன் முதல் கேள்வி அன்று.

இதற்கு இணையான இன்னொரு பதிவேடும் இருந்தது. 1871-இன் குற்றப் பழங்குடியினர் சட்டம் நாடோடிக் குடும்பங்களைப் பெயர்ப் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. 1897-இல் செய்யப்பட்ட திருத்தம், பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்துச் சீர்திருத்தக் குடியிருப்பில் வைக்க இடமளித்தது. அந்தச் சமூகங்களின் முதியவர்களுக்கு ‘ஹாஜிரி’ என்ற சொல் வகுப்பறையைவிடக் குடியிருப்பின் காவல் வாயிலையே முதலில் நினைவூட்டும். 1952 ஆகஸ்டில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ள வருபவர் எதற்காக வருகிறார் என்ற அச்சம் அதோடு நீங்கியதாகக் கொள்ள முடியாது.

ஆக, காலனிய ஆட்சி விட்டுச்சென்றவை இரண்டு தாள்கள். ஒன்று முகவரி உள்ளவர்களுக்கான கல்வித் தாள். மற்றொன்று முகவரி இல்லாதவர்களுக்கான காவல் தாள். இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

3. 1947: ஒரு விதிவிலக்கு

இரண்டும் சந்தித்திருக்கக்கூடிய தருணம் ஒன்று வந்தது. பிரிவினையின்போது லட்சக்கணக்கான குழந்தைகள் ஒரே நேரத்தில் வீடற்றவர்கள் ஆனார்கள். குருக்ஷேத்திரம் போன்ற பெருமுகாம்களில் கூடாரங்களிலேயே பள்ளிகள் நடந்தன. சான்றிதழ்கள் லாகூரிலும் டாக்காவிலும் தங்கிவிட்ட மாணவர்களுக்காக விதிகள் தளர்த்தப்பட்டன. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க விரும்பிய அகதி மாணவர்களுக்காகத் தில்லியில் பஞ்சாப் பல்கலைக்கழகம் ‘கேம்ப் கல்லூரி’ நடத்தியது. ‘இடம்பெயர்ந்தோர்’ என்பது நிர்வாக வகைப்பாடாயிற்று. அந்தச் சொல் பதிவேட்டில் ஏறினால் கட்டணச் சலுகை, உதவித்தொகை, கல்விக் கடன் ஆகியவற்றுக்கு வழி திறந்தது.

இது வரலாற்று நோக்கில் மிக முக்கியமானது. வீடின்மையைப் பள்ளியில் பதிவு செய்வது இயலாத காரியம், ஆசிரியருக்கு அதற்கு நேரமில்லை, ஆவணமில்லாமல் சேர்க்க முடியாது என்ற வாதங்கள் எல்லாவற்றுக்கும் 1947 பதில் சொல்லிவிட்டது. அரசு விரும்பியபோது அது இயன்றது. காரணம், அந்த வீடின்மை தேசத்தின் துயரமாகக் கருதப்பட்டது. குடும்பத்தின் குற்றமாக எவரும் அதைப் பார்க்கவில்லை. வெளிப்படையாகச் சொன்னால் ஆதாயம் உண்டு, இழப்பு இல்லை என்பதால் பெற்றோரும் மறைக்கவில்லை.

ஆனால் அந்தப் பரிவு ஒரே சீராக இருந்ததில்லை. மேற்குப் பஞ்சாபிலிருந்து வந்தவர்களுக்குக் கிடைத்தது கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது வங்காள வரலாற்றாய்வாளர்கள் பலரும் நிறுவியுள்ள செய்தி. கல்கத்தாவின் சியால்தா நிலைய நடைமேடைகளில் குடும்பங்கள் மாதக்கணக்கில் கிடந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1943 பஞ்சத்தின்போது, அதே நகரத் தெருக்களுக்கு வந்துசேர்ந்த கிராமத்து மக்களை அவசரச் சட்டத்தின் கீழ் வண்டிகளில் ஏற்றி அப்புறப்படுத்தியிருந்தார்கள். ஒரே நகரம், ஒரே நடைபாதை. பஞ்சத்தால் வந்தவர் ‘திக்கற்றவர்’ ஆனார். பிரிவினையால் வந்தவர் ‘அகதி’ ஆனார். பின்னர் வறுமையால் வந்தவர் ‘ஆக்கிரமிப்பாளர்’ ஆனார். பெயர் மாறியபோது பள்ளிக்கும் அவர்களுக்கும் இடையிலான தொலைவும் மாறியது.

4. ஓர் இரவின் கணக்கு

வீடற்றோரை எண்ணும் பொறுப்பு மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு உண்டு. அது பயன்படுத்தும் வரையறை எளிமையானது. கணக்கெடுப்பு ‘வீடு’ என்று ஏற்கும் கட்டமைப்பு எதிலும் வசிக்காமல், சாலையோரம், நடைபாதை, குழாய்களின் உட்புறம், மேம்பாலத்தின் அடி, மாடிப்படிகளின் கீழ், வழிபாட்டிடங்கள், ரயில் நடைமேடைகள் போன்ற இடங்களில் திறந்த வெளியில் வாழ்பவர்கள் வீடற்றவர்கள். 2011-இல் பிப்ரவரி 28 இரவு அவர்கள் எண்ணப்பட்டார்கள். கிடைத்த தொகை 17.73 லட்சம். 2001-இல் அது 19.43 லட்சம். மொத்தத்தில் குறைந்தாலும் நகரங்களில் 7.78 லட்சத்திலிருந்து 9.38 லட்சமாக உயர்ந்திருந்தது.

இந்தக் கணக்கின் குறைபாடுகளைப் பலர் பேசியிருக்கிறார்கள். ஒரே இரவில், இருட்டில், உறங்குபவர்களை எண்ணுவதில் எவ்வளவு விடுபடும் என்பதை ஊகிக்கலாம். நான் சுட்ட விரும்புவது வேறு. அந்த இரவில் எண்ணப்பட்ட குழந்தைகளில் பலர் மறுநாள் காலை ஏதோ ஒரு பள்ளிக்குப் போயிருப்பார்கள். கணக்கெடுப்பாளரிடம் இருந்த பட்டியலும் ஆசிரியரிடம் இருந்த பதிவேடும் அதே குழந்தையைப் பற்றியவை. முதலாவதில் அவள் வீடற்றவள். இரண்டாவதில் ஒரு தேநீர்க் கடையின் எண்ணில் வசிப்பவள். இத்தனைக்கும் அந்த நகரில் கணக்கெடுப்புப் பணியைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பள்ளி ஆசிரியர்களே.

5. பம்பாய், 1985

எண்ணப்படுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதைப் பம்பாய் நடைபாதைவாசிகள் கற்ற விதம் கடுமையானது. 1981 ஜூலையில், அடைமழைக் காலத்தில், அவர்களை அப்புறப்படுத்தப்போவதாக மாநில அரசு அறிவித்தது. அதை எதிர்த்து எழுந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்ற வாசகத்துக்காக அந்தத் தீர்ப்பு நம் பாடநூல்களில் இடம்பெறுகிறது. அதே தீர்ப்பு அப்புறப்படுத்தலை அனுமதித்தது என்பதையும், மாற்றிடம் பற்றிப் பேசுகையில் 1976-இன் கணக்கெடுப்பில் இடம்பெற்றவர்களைத் தனியே குறிப்பிட்டது என்பதையும் நாம் அவ்வளவாக வகுப்பில் சொல்வதில்லை. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு கணக்காளர் கண்ணில் பட்டிருந்தால் கோர இடமுண்டு, படாதிருந்தால் இல்லை.

அதே 1985-இல் ‘ஸ்பார்க்’ அமைப்பு நடைபாதைவாசிகளுடன் சேர்ந்து ஏறத்தாழ 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்து, ‘நாங்கள், கண்ணுக்குப் புலப்படாதவர்கள்’ என்ற பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் வெளியிட்டது. அந்த மக்கள் எங்கிருந்தோ நேற்று வந்து இறங்கியவர்கள் அல்லர், ஆண்டுக்கணக்காக அதே நடைபாதையில் வாழ்ந்து நகரத்துக்கு உழைப்பவர்கள் என்பதை அது காட்டியது. அரசு எண்ணாதபோது தம்மைத் தாமே எண்ணிக்கொள்ளும் முறை அங்கிருந்து வலுப்பெற்றது. பதிவு என்பது ஒடுக்குமுறைக் கருவி மட்டுமே என்று எளிதாகச் சொல்லிவிடும் நம் கோட்பாட்டு வழக்கத்துக்கு இது நல்ல மறுப்பு. பதிவில் இல்லாதவர்க்கு நேர்வதை இங்கே பார்க்கிறோம்.

6. சியால்தா: பதிவேட்டைப் பின்னுக்குத் தள்ளிய பள்ளி

அகதிகள் கிடந்த அந்தச் சியால்தா நிலையத்துக்கு அருகில்தான் லொரெட்டோ பெண்கள் பள்ளி இருக்கிறது. 1979-இல் அதன் முதல்வரான சிஸ்டர் சிரில் மூனி, 1980-களில் ‘ரெயின்போ’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். நிலையத்தைச் சுற்றி வாழ்ந்த குழந்தைகள் தங்களால் இயன்ற நேரத்தில் பள்ளிக்குள் வரலாம். பள்ளியின் வழக்கமான மாணவிகள், தம் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே, ஒருவருக்கு ஒருவர் என்ற முறையில் அவர்களுக்குக் கற்பிப்பார்கள். உரிய நிலையை எட்டிய குழந்தைகள் முறையான வகுப்புகளுக்குச் செல்வார்கள். பின்னர், இரவில் பாதுகாப்பாகத் தங்கவும் அதே வளாகத்தில் இடம் கிடைத்தது. பகலில் மட்டும் இயங்கும் பள்ளிக் கட்டடம் இரவில் ஏன் காலியாகக் கிடக்க வேண்டும் என்ற எளிய கேள்விக்குப் பதில் அது. இந்த முறை பின்னர் வேறு நகரங்களுக்கும் பரவியது.

ஆவண வரலாற்று நோக்கில் இதில் நடந்தது ஒரு வரிசை மாற்றம். வழக்கமான பள்ளியில் முதலில் தாள், பிறகு குழந்தை. இங்கே முதலில் குழந்தை, பிறகு தாள். குழந்தை எங்கே உறங்குகிறது என்பது சேர்க்கைக்குத் தடையாக வைக்கப்படவில்லை. நாளடைவில் தெரிந்துகொள்ளப்பட்டு, தெரிந்தபின் அதற்கு ஏதேனும் செய்யப்பட்டது. அடையாளம் காண்பது என்பது படிவத்தின் வேலை அன்று, உறவின் வேலை என்பதை அந்தப் பள்ளி காட்டியது. ஆனால் ஒரு பள்ளி தன் மனத்தால் செய்ததை ஓர் அமைப்பு விதியால் செய்ய முடியுமா என்பது வேறு கேள்வி.

7. உரிமைச் சட்டமும் வீடுவாரிக் கணக்கும்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், 2009, அந்தக் கேள்விக்குப் பாதி பதில் தருகிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது அதன் 14-ஆம் பிரிவு. மாற்றுச் சான்றிதழ் தாமதமானால் அதைக் காரணம் காட்டக் கூடாது என்கிறது 5-ஆம் பிரிவு. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது 4-ஆம் பிரிவு. புலம்பெயர் குடும்பங்களின் குழந்தைகளைச் சேர்ப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்கிறது 9-ஆம் பிரிவு. ஒரு நூற்றாண்டுக் காலக் காகிதத் தடைகளில் பல இதில் உடைந்தன.

ஆனால் அதே 9-ஆம் பிரிவு, தன் எல்லைக்குள் ‘வசிக்கும்’ 14 வயது வரையிலான குழந்தைகளின் பதிவை உள்ளாட்சி அமைப்பு பேண வேண்டும் என்கிறது. எவ்வாறு பேணுவது? மத்திய விதிகள் விடை சொல்கின்றன: வீடுவாரிக் கணக்கெடுப்பின் மூலம். ஒவ்வோர் ஆண்டும் அதைப் புதுப்பிக்க வேண்டும். குழந்தையின் முகவரி அதில் இருக்க வேண்டும். கோகலே காலத்துக் கதவு மீண்டும் வந்து நிற்கிறது. வீடில்லாத குழந்தையைக் கண்டறியும் பொறுப்பு, வீடு வீடாகச் செல்பவரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது. வயதுச் சான்றுக்கும் மாற்றுச் சான்றிதழுக்கும் தந்த வெளிப்படையான விலக்கைச் சட்டம் முகவரிச் சான்றுக்குத் தரவில்லை. அண்மைப் பள்ளி என்ற நல்ல கருத்தும் ‘எதற்கு அண்மை’ என்ற கேள்வியை எழுப்பாமலே அமைந்தது.

உத்தரப் பிரதேசம் போன்ற சில மாநிலங்கள் நலிந்த பிரிவினரின் பட்டியலில் வீடற்ற ஆதரவற்ற குழந்தையையும் சேர்த்தன. வரவேற்கத்தக்கது. ஆனால் தனியார் பள்ளிகளின் 25 விழுக்காட்டு இடங்களுக்கான விண்ணப்பம் வார்டு எல்லையை வைத்தே பரிசீலிக்கப்படுகிறது. வீடற்றவர் என்று நிறுவ வேண்டிய அதே தாளில், எந்த வார்டில் வசிப்பவர் என்றும் நிறுவ வேண்டியிருக்கிறது.

8. ஒரு கட்டம் வந்தது

புள்ளிவிவர வரலாற்றில் இன்னொரு திருப்பமும் உண்டு. மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தின் காலத்தில், 1994-95 அளவில் தொடங்கிய பள்ளித் தகவல் முறை, பள்ளியை அலகாகக் கொண்டது. எத்தனை வகுப்பறைகள், எத்தனை ஆசிரியர்கள், எத்தனை மாணவர்கள். தனிக் குழந்தை அதில் தெரியவில்லை. 2016-17-இல் மாணவர்வாரியாகத் தகவல் திரட்டும் படிவம் வந்தபோது, அதில் வீடின்மை பற்றிய ஒரு கட்டமும் இடம்பெற்றது. பெற்றோர் அல்லது பாதுகாவலருடன் வீடற்றிருப்பவர், பெரியவர்களின் பாதுகாப்பின்றி வீடற்றிருப்பவர், பொருந்தாது என்ற மூன்று தெரிவுகள்.

அந்த மூன்று தெரிவுகளை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு வியப்பு ஏற்பட்டது. குடும்பத்தோடு தெருவில் இருப்பதையும் தனியே இருப்பதையும் பிரித்தறிந்தவர் களத்தை அறிந்தவராகவே இருக்க வேண்டும். பள்ளித் தாளும் அந்தக் குழந்தையும் அச்சில் சந்தித்துக்கொண்டார்கள்.

ஆனால் கட்டம் இருப்பதும் அது நிரப்பப்படுவதும் ஒன்றல்ல. அந்த மும்பை ஆசிரியையின் இடத்தில் நின்று பாருங்கள். சேர்க்கைப் பதிவேட்டில் அவர் ஏற்கெனவே ஒரு வீட்டு எண் எழுதியாகிவிட்டது. மாணவர் படிவத்தில் ‘வீடற்றவர்’ என்று குறித்தால் ஒரே குழந்தைக்கு இரண்டு ஆவணங்கள் முரண்படும். மேலும், தகரக் கூரையின் கீழ் இருப்பவர் வீடற்றவரா? இரவுக் காப்பகத்தில் உறங்குபவர்? அத்தை வீட்டின் மூலையில் இரண்டு மாதம் தங்கியிருப்பவர்? படிவத்தில் விளக்கம் இல்லை. குறித்தால் குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்பதும் இல்லை. அறுபது மாணவர்களுக்குத் தலைக்கு நாற்பது கட்டங்கள் நிரப்பும் ஆசிரியர் ‘பொருந்தாது’ என்பதைத் தேர்ந்தெடுப்பதை அலட்சியம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

இங்கே ஓர் ஒப்பீடு உதவும். அமெரிக்காவில் 1987-இல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டம், நிலையான, முறையான, போதுமான இரவுத் தங்குமிடம் இல்லாத மாணவரை வீடற்றவர் என்கிறது. பொருளாதார நெருக்கடியால் உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவரும் அதில் அடங்குவர். ஆவணங்கள் இல்லாவிட்டாலும் உடனே சேர்க்க வேண்டும். இடம் மாறினாலும் பழைய பள்ளியிலேயே தொடரவும் அதற்கான போக்குவரத்தைப் பெறவும் மாணவருக்கு உரிமை உண்டு. 2001 திருத்தத்துக்குப் பின் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் இதற்கெனப் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இவ்வாறு பதிவாகிறார்கள். அங்கும் விடுபடல்கள் ஏராளம். அந்தச் சமூகத்தை மேன்மைப்படுத்துவது என் நோக்கமன்று. கவனிக்க வேண்டியது, அங்கே கட்டத்தின் பின்னால் ஓர் உரிமையும் ஒரு பொறுப்பாளரும் நிற்கிறார்கள் என்பதை. நம் 1947 அனுபவமும் அதைத்தான் சொன்னது.

9. அச்சத்தின் நியாயம்

பெற்றோர் ஏன் மறைக்கிறார்கள் என்பதை நாம் பெரும்பாலும் ‘வெட்கம்’ என்று எழுதிக் கடந்துவிடுகிறோம். வரலாறு வேறு விளக்கம் தருகிறது. தெருவில் வாழும் குடும்பத்துக்கு, ‘வீடில்லை’ என்று ஓர் அரசு ஊழியரிடம் சொல்வது, பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற அச்சத்தோடு கலந்தது. 1897-ஐயும் 1943-ஐயும் அவர்கள் படித்திருக்க வேண்டியதில்லை. பிச்சைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அக்கம்பக்கத்தார் வண்டியில் ஏற்றப்பட்டதைப் பார்த்திருந்தாலே போதும்.

2021-இல் உச்ச நீதிமன்றம் தெருச்சூழலில் உள்ள குழந்தைகள் பற்றித் தானே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அடையாளம் கண்டு மறுவாழ்வு அளிக்கும்படி மாநிலங்களுக்குத் தொடர்ந்து ஆணையிட்டது. ‘பால் ஸ்வராஜ்’ இணையதளத்தில் அவர்களுடைய விவரங்கள் ஏற்றப்பட்டன. தனியே வாழும் குழந்தை, குடும்பத்தோடு தெருவில் வாழும் குழந்தை, பகலில் தெருவிலும் இரவில் குடிசையிலும் இருக்கும் குழந்தை என்று மூவகையாகப் பிரித்ததும் நல்ல தெளிவு. ஆயினும் இது மீண்டும் இரண்டாவது தாளின் வழித்தோன்றலே. அடையாளம் காண்பது குழந்தைப் பாதுகாப்புத் துறையின் பணி. பள்ளி, அந்தப் பணி முடிந்தபின் குழந்தை அனுப்பப்படும் இடங்களுள் ஒன்று. தினமும் அந்தக் குழந்தையைப் பார்க்கும் ஆசிரியர், மழை பெய்த மறுநாள் ஈரச் சீருடையோடு வருபவள் யார் என்று அறிந்தவர், இந்தச் சங்கிலியில் முதல் கண்ணியாக இல்லை.

10. கடைசிக் கட்டம்

அந்தப் பதிவேட்டுக்குத் திரும்புகிறேன். ஐந்து குழந்தைகளின் வரிகளையும் வலப்பக்கம் வரை படித்தேன். ஐவரில் மூவர் ஒரே மாதத்தில் விலகியிருந்தார்கள். காரணம் என்ற கட்டத்தில் மூவருக்கும் ஒரே குறிப்பு: தொடர்ந்து வராமை. அந்த மாதம் என்ன நடந்தது என்று ஆசிரியையிடம் கேட்டேன். பாலத்துக்குக் கீழே இருந்தவர்களை அப்புறப்படுத்தி வேலி போட்டார்கள் என்றார். எங்கே போனார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை.

முதல் கட்டத்தில் எழுதிய பொய், கடைசிக் கட்டத்தில் இன்னொரு பொய்யைப் பெற்றெடுத்துவிட்டது. வீடே இல்லாதவர்களுக்கு வீடு இருந்ததாக எழுதப்பட்டதால், அவர்கள் இருந்த இடம் பறிக்கப்பட்டதை எழுத இடமில்லாமல் போயிற்று. எஞ்சியது ‘வராமை’. அதாவது, குழந்தையின் செயல். 2004-இல் தில்லியின் யமுனை புஷ்டா குடியிருப்புகள் இடிக்கப்பட்டுக் குடும்பங்கள் பவானாவுக்கும் வேறு இடங்களுக்கும் சிதறியபோதும், அதுபோன்ற எத்தனையோ இடிப்புகளின்போதும், பள்ளிப் பதிவேடுகளில் இந்தச் சொல்லே மீண்டும் மீண்டும் எழுதப்பட்டிருக்கும். அந்தப் பதிவேடுகளைக் கூட்டித்தான் நாம் ‘இடைநிற்றல் விகிதம்’ என்கிறோம். அதற்குக் காரணமாகப் பெற்றோரின் அக்கறையின்மையைத் தேடுகிறோம்.

ஆகவே வேண்டுவது இன்னொரு கட்டமன்று. கட்டத்தோடு பிணைந்த வாக்குறுதி. வீடற்ற நிலை பதிவானால் சேர்க்கை மறுக்கப்படாது, இடம் மாறினாலும் பள்ளி மாறாது, அந்தத் தகவல் குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கப் பயன்படாது என்ற மூன்று உறுதிகள். விலகியதற்கான காரணங்களில் ‘இருப்பிடம் அகற்றப்பட்டது’ என்ற ஒரு குறியீடும் சேர வேண்டும். அப்போதுதான் ஆசிரியர் உண்மையை எழுத முடியும். எழுதியதற்காக வருந்த வேண்டியிருக்காது.

கல்வி வரலாற்றில் ஆய்வு செய்யும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்விக் குழு அறிக்கைகளைப் படிக்கும் அதே கவனத்தோடு, உங்கள் ஊரின் பழைய சேர்க்கைப் பதிவேடு ஒன்றையாவது முகவரிக் கட்டம் முதல் விலகல் காரணம் வரை படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் எண்ணைத் தேடுங்கள். அதை எழுதிய ஆசிரியர் உயிரோடு இருந்தால் அவரிடம் பேசுங்கள். குழந்தைகளின் பெயர்களை வெளியிடாதீர்கள். கண்டதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்களின் நினைவில் மட்டுமே இப்போது இருக்கும் ஒரு வரலாற்றை, அவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.